டிரைபாடில் டார்ச்: ரப்பரா, கிளிப்பா, பைப்பா?

டார்ச் பிடிப்பவர்கள் மீது எனக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு. வேலை செய்பவன் எங்கே பார்க்கிறானோ அங்கே அவர்கள் வெளிச்சம் காட்டுவதில்லை. தாங்கள் எங்கே பார்க்கிறார்களோ அங்கேதான் காட்டுவார்கள். சென்ற கோடையில் ஓர் இரவு, பம்புசெட் கொட்டகையில் கிளாண்ட் கயிறு (பம்பின் சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் கயிறு) மாற்ற உட்கார்ந்தேன். டார்ச் அக்கா மகன் கையில். பழைய கயிற்றைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தபோது சுவரில் ஒரு தவளை ஏறியது. வெளிச்சமும் தவளையோடு சேர்ந்து சுவரில் ஏறிவிட்டது. மூன்றாம் முறை நான் குரலை உயர்த்தியதும் பையன் சொன்னான்: “மாமா, என்னுடைய பழைய டிரைபாட் பரணில் சும்மாதான் கிடக்கிறது. டார்ச்சை அதில் மாட்டிவிட்டால் நான் எதற்கு?” அவன் தப்பிக்கத்தான் வழி தேடினான். ஆனாலும் சொன்னதில் நியாயம் இருந்தது.

கேட்க எளிதாக இருக்கிறது. டிரைபாட் என்பது கேமராவை நிறுத்தும் முக்காலி. அதன் தலையில் ஒரு திருகு நீட்டிக்கொண்டிருக்கும். கேமராவின் அடியில் அதற்கேற்ற துளை இருக்கும். வைத்துத் திருகினால் முடிந்தது. டார்ச்சிலோ துளையும் இல்லை, தட்டையான அடிப்பாகமும் இல்லை. வழவழப்பான உருளை. அதை ஒரு திருகின் மேல் அசையாமல் உட்கார வைப்பதற்கு வீட்டிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பதைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்று நான்கு மாதங்களாகப் பார்த்தேன். என்னிடம் இருப்பவை இரண்டு டார்ச்சுகள். ஒன்று, 18650 என்கிற லித்தியம் செல் போட்ட சிறிய அலுமினிய எல்இடி டார்ச். உடம்பின் குறுக்களவு சுமார் 25 மி.மீ. மற்றது அப்பா வைத்திருந்த பித்தளை டார்ச். பெரிய பேட்டரிக் கட்டை இரண்டு போடுவது. குறுக்களவு 38 மி.மீ. ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

டிரைபாடே தேவைப்படாத சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது டார்ச்சை ஓர் எவர்சில்வர் டம்ளருக்குள் நிமிர்த்தி வைத்து, வெள்ளையடித்த கான்கிரீட் கூரையைப் பார்க்க விட்டோம். வெளிச்சம் கூரையில் பட்டுச் சிதறி அறை முழுவதும் இறங்கியது. சாப்பிடவும் பிள்ளைகள் படிக்கவும் அது போதுமானதாக இருந்தது. ஓட்டு வீட்டில் இது பலிக்காது. கறுத்த ஓடும் மூங்கிலும் வெளிச்சத்தைக் குடித்துவிடும். அறைக்குப் பொதுவாக வெளிச்சம் வேண்டும், கூரையும் வெள்ளை என்றால் டம்ளரோடு நின்றுகொள்ளுங்கள். ஓர் இடத்தில், ஒரு கோணத்தில், கை நிழல் விழாமல் வெளிச்சம் வேண்டுபவர்களுக்குத்தான் இனி வருவது.

எல்லா முறைகளையும் இரண்டு கேள்விகளால் அளந்தேன். முதல் கேள்வி, தலை தொங்குகிறதா? டார்ச்சின் எடை பெரும்பாலும் முன்பக்கம் சாயும். பிடிப்பு சற்றுத் தளர்ந்தாலும் மூக்கு மெல்லக் கீழே இறங்கும். ஒரு டிகிரி இறங்கினாலே இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் வெளிச்ச வட்டம் மூன்றரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். சுவரில் வட்டத்தின் நடுவில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்ப்பேன். சோதனை அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. நடு ராத்திரியில் வேலியோரம் ஏதோ சரசரக்கிறது. டார்ச் உடனே கைக்கு வர வேண்டும். அது டிரைபாடில் திருப்புளி போட்டு இறுக்கியிருக்கிறது. திருப்புளி எங்கே என்று தேட வெளிச்சம் வேண்டும். இருக்கிற ஒரே வெளிச்சம் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆக, கருவி இல்லாமல், தடவிப் பார்த்தே, ஒரு கையால் டார்ச்சைப் பிடுங்க முடிய வேண்டும். முடியாத முறை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இரவுக்கு உதவாது. கடைசியில் என் தேர்வைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான்.

டார்ச்சை எப்படிப் பிடிப்பது என்பதற்கு முன்னால் அந்தத் திருகைப் பற்றிப் பேச வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான், நானும் விழுந்தேன். கேமரா டிரைபாடின் திருகு கால் இஞ்ச் குறுக்களவு, அதாவது 6.35 மி.மீ.; ஓர் இஞ்சுக்கு 20 மரை. ஹார்டுவேர் கடையில் பொதுவாக ‘சின்ன நட்டு’ என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் எம்-6. அதன் குறுக்களவு 6 மி.மீ.; மரைக்கு மரை இடைவெளி 1 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டிரைபாடின் திருகில் எம்-6 நட்டை வைத்தால் முனையில் தொற்றிக்கொள்வதுபோல் ஒரு பாவனை காட்டும், பிறகு நின்றுவிடும். ‘சற்று முறுக்கினால் ஏறிவிடும்’ என்று ஸ்பேனரைப் போட்டேன். ஏறவில்லை. திருகின் முதல் மரை மழுங்கியதுதான் மிச்சம். அதை மூன்று பட்டை அரத்தால் சீவிச் சரிசெய்ய ஒரு மாலை போயிற்று.

கடையில் கேட்க வேண்டியது ‘கால் இஞ்ச் பி.எஸ்.டபிள்யூ. நட்டு’. அது பழைய பிரிட்டிஷ் அளவு. மரையின் கோணம் அதில் 55 டிகிரி, டிரைபாடின் திருகில் 60. இஞ்சுக்கு 20 மரை என்பது இரண்டுக்கும் பொது என்பதால் கையால் இறுக்குகிற வேலைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. அளவெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. டிரைபாடின் தலையிலிருந்து கழன்று வரும் சிறிய பிளேட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். நட்டை விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஏறினால் வாங்குங்கள். அந்தத் திருகு பிளேட்டுக்கு மேலே சுமார் 5 மி.மீ. மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் அப்போதே பார்த்துவையுங்கள். இந்த 5 மி.மீ. பின்னால் நம்மைப் படுத்தப்போகிறது.

இனி முறைகள். காசே செலவில்லாதது சைக்கிள் ட்யூப். பஞ்சர் கடையில் கேட்டால் கழித்துப்போட்ட ட்யூபைச் சும்மா தருவார்கள். விரல் அகலத்துக்கு நீளப் பட்டைகளாகக் கத்தரித்து, டார்ச்சை டிரைபாடின் கைப்பிடியோடு சேர்த்து இழுத்துச் சுற்றி முடிந்தேன். கட்டியவுடன் கல் மாதிரி நின்றது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வெளிச்சம் சாக்பீஸ் புள்ளிக்கு நான்கு விரற்கடை கீழே. சற்று வலப்பக்கமும் உருண்டிருந்தது. காரணம் ரப்பர் அல்ல. டார்ச்சும் உருளை, கைப்பிடியும் உருளை. இரண்டு உருளைகள் ஒட்டி நின்றால் ஒரே கோட்டில்தான் தொடும்; அந்தக் கோட்டின் மேல் ஒன்று மற்றதைச் சுற்றி உருளப் பார்க்கும். எவ்வளவு இறுக்கினாலும் உருள்வதற்கான ஆசை போகாது. இரண்டுக்கும் நடுவில் ட்யூபையே நான்காக மடித்துத் திணித்தபோது தொங்கல் பாதியாகக் குறைந்தது. முடிச்சையும் ஒரு முனையில் மட்டும் போடாமல் முன்னும் பின்னுமாக இரண்டாகப் போட்டபின் ஒரு விரற்கடையில் நின்றது. அவிழ்ப்பதற்குக் கருவி வேண்டாம். முடிச்சைச் சுருக்காகப் போட்டால் இழுத்தவுடன் வந்துவிடும். வெயிலில் வைத்திருந்தால் சில மாதங்களில் ரப்பர் வெடித்துவிடும், அவ்வளவே. இன்றிரவே வேலை ஆக வேண்டும், கடை பூட்டிவிட்டது என்றால் யோசிக்காமல் ட்யூபைத்தான் எடுப்பேன்.

இன்சுலேஷன் டேப்பை விட்டுவிடுங்கள். எல்இடி டார்ச் ஐந்து நிமிடம் எரிந்தாலே உடம்பு சுடும். சூட்டில் டேப்பின் பசை இளகி டார்ச் வழுக்கும். கழற்றிய பிறகு அந்தப் பிசுக்கு கையிலும் டார்ச்சிலும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கும்வரை இருக்கும். பிளாஸ்டிக் கேபிள் டையும் ஏறக்குறைய அப்படித்தான். அடியில் ரப்பர் வைத்தால் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் ஒருமுறை இறுக்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். இருட்டில் கத்தியைத் தேடுவதற்குத் திருப்புளியையே தேடலாம்.

செல்போன் ஹோல்டரைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். டிரைபாடோடு இலவசமாக வந்ததே வீட்டில் கிடக்கும். அடியில் கால் இஞ்ச் மரையும் தயாராக இருக்கும். திருகுத் தொல்லை முழுதாகத் தீர்ந்தது. சிக்கல் அதன் வாயில். போனின் அகலத்துக்குச் செய்தது என்பதால் என்னிடம் இருப்பதன் வாய் 55 மி.மீட்டருக்குக் கீழே மூடுவதில்லை. 25 மி.மீ. டார்ச் அதற்குள் தாராளமாக விழுந்துவிடும். தேய்ந்துபோன ஹவாய் செருப்பை இரண்டு கட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் அரைவட்டமாகக் குடைந்து, டார்ச்சுக்கு இருபுறமும் செருகினேன். செருப்பு ரப்பர் இதற்கென்றே பிறந்ததுபோல் பிடித்தது. சின்ன டார்ச்சின் வட்டம் ஒரு மணி நேரத்தில் நகரவே இல்லை. பித்தளை டார்ச்சை வைத்தபோது ஹோல்டரின் பிளாஸ்டிக் மூட்டு முனகிக்கொண்டே குனிந்துவிட்டது. பெரிய கட்டை ஒன்றே ஏறக்குறைய நூறு கிராம். இரண்டு கட்டையும் பித்தளையும் சேர்ந்தால் அது போனுக்குச் செய்த மூட்டு தாங்குகிற எடை அல்ல.

எடுப்பதில்தான் இந்த முறை தோற்கிறது. ஒரு கையால் வாயைத் திறந்து மறு கையால் டார்ச்சை உருவ வேண்டும். உருவியவுடன் செருப்புத் துண்டுகள் இரண்டும் கீழே விழும். சேற்றில் விழுந்த செருப்புத் துண்டை டார்ச் அடித்துத் தேடிய அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு. வீட்டுக்குள், மேசையில் வைத்துப் படம் எடுப்பவர்களுக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உறுதி ஒன்றே வேண்டும் என்பவர்களுக்கு ஹோஸ் கிளிப். மோட்டாரில் ரப்பர் ஹோஸை இறுக்க மாட்டுகிற, பக்கவாட்டுத் திருகைத் திருப்பினால் பட்டை சுருங்குகிற அதே கிளிப்தான். 1921-இல் லம்லி ராபின்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படைக்காரர் இதற்குக் காப்புரிமை பெற்றார். நூறு ஆண்டு தாண்டியும் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படாத பண்டம். அலமாரிப் பலகை தாங்குகிற சின்ன எல் கிளாம்ப் ஒன்றை வாங்கினேன். அதன் ஒரு கையிலிருந்த துளையை ஆறரை மி.மீட்டருக்குப் பெரிதாக்கி, டிரைபாடின் திருகில் கோத்து, மேலே நட்டைப் போட்டேன். தகடு இரண்டு மி.மீ. கனம்தான், மிச்சம் மூன்று மி.மீ. நட்டுக்குள் ஏறியது. நிமிர்ந்து நிற்கும் மறு கையோடு டார்ச்சைச் சேர்த்து ஹோஸ் கிளிப்பால் இறுக்கினேன். அசையவில்லை. டிரைபாடைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தேன், அப்போதும் அசையவில்லை.

அந்த மகிழ்ச்சியில் பித்தளை டார்ச்சையும் மாட்டினேன். அது கனம், ஆகவே இன்னும் இரண்டு சுற்று இறுக்கினேன். ஒரு சின்ன ‘டொக்’ சத்தம். மறுநாள் கட்டை மாற்றப் பின்மூடியைக் கழற்றி, டார்ச்சைக் கவிழ்த்துத் தட்டினேன். பின்னால் இருந்த கட்டை வந்தது; முன்னால் இருந்தது வரவில்லை. விரலை விட்டுத் தடவினால் பட்டை இருந்த இடத்தில் உள்பக்கம் ஒரு மேடு. தகட்டில் செய்த பழைய டார்ச்சுகளின் சுவர் அவ்வளவு மெல்லியது. உருளையான மரத்துண்டு ஒன்றை உள்ளே விட்டு மெல்லத் தட்டித் தட்டிப் பேட்டரிக் கட்டையை எடுத்துவிட்டேன். மேடு பாதிதான் அடங்கியது. அப்பா இருபது வருடம் வைத்திருந்து ஒரு கீறல் விழாத டார்ச். இதை வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அலுமினிய டார்ச்சின் சுவர் கனமானது. அடியில் ட்யூப் ரப்பர் சுற்றி அளவாக இறுக்கினால் ஒன்றும் ஆகாது. ஆனால் இரண்டாவது கேள்விக்கு ஹோஸ் கிளிப்பிடம் பதில் இல்லை. திருப்புளி இல்லாமல் கழலாது. டார்ச் ஒன்றை டிரைபாடுக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்பவர்களுக்கு மட்டும் இது.

எம்-சீல் என்கிற, பிசைந்து ஒட்டும் பசை கொண்டு நட்டை டார்ச்சின் உடம்பிலேயே ஒட்டிவிடலாம் என்றார் ஒரு நண்பர். செய்ய வேண்டாம். வழவழப்பான அலுமினியத்தில் அது முதல் தடவை கீழே விழும்வரை பிடிக்கும். ஒட்டியிருக்கும் நாள்வரை டார்ச் சட்டைப்பைக்குள் போகாது. டார்ச்சில் துளை போட்டு நட்டு வைக்கலாம் என்பவரிடம் பேச்சே கொடுக்காதீர்கள். லித்தியம் செல் இருக்கிற குழாயில் டிரில் ஓட்டுவது விளையாட்டல்ல. காந்தமும் உதவாது. டார்ச்சும் அலுமினியம், டிரைபாடும் அலுமினியம். காந்தம் இரண்டையும் மதிக்காது.

சைக்கிள் ஹேண்டில்பாரில் டார்ச் மாட்டுகிற பிளாஸ்டிக் பிடிப்பான் ஒன்று விற்கிறது. வீட்டிலேயே செய்வது என்ற போட்டியில் இதைச் சேர்ப்பது நேர்மையா என்று தெரியவில்லை. ஆனால் ஒப்பிடாமல் விடுவது அதைவிட நேர்மையில்லை. டிரைபாடின் கைப்பிடியில் மாட்டினேன். இரண்டு நிமிட வேலை. சின்ன டார்ச் சிக்கென்று உட்கார்ந்தது. எடுப்பதும் எளிது. கைவேலையில் ஆர்வம் இல்லாதவர்கள், டார்ச் ஓர் இஞ்ச் கனத்துக்குள் இருப்பவர்கள் இதை வாங்கிவிட்டுக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். என்னுடையதில் நடு மூட்டு இரண்டே மாதத்தில் ஆட்டம் கண்டது. பித்தளை டார்ச் அதன் வாய்க்குள் நுழையவே இல்லை.

கடைசியாக நான் வந்து நின்றது பிவிசி பைப்பில். பைப்புக்குள் டார்ச்சைச் செருகுவதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். நானும் ஓர் இஞ்ச் பைப்பில் அப்படித்தான் தொடங்கினேன். வெளிக் குறுக்களவு 32 மி.மீ., உள்ளே ஏறக்குறைய 28, 25 மி.மீ. டார்ச் அதற்குள் லொடலொடவென்று ஆடியது. ரப்பர் சுற்றிச் செருகினால் இறுகியது. உருவும்போது ரப்பர் சுருண்டு மாட்டிக்கொண்டது. டார்ச்சின் சூடும் பைப்புக்குள் அடைபட்டது. இப்போதைய எல்இடி டார்ச்சுகள் பல, சூடு மிஞ்சினால் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு நாமே வழி செய்துகொடுக்க வேண்டியதில்லை.

வழி எதிர்த்திசையில் இருந்தது. டார்ச்சைவிடப் பெரிய பைப் வேண்டாம். சிறிய பைப் வேண்டும். முக்கால் இஞ்ச் பைப்பின் வெளியளவு 25 மி.மீ., உள்ளளவு 21, 22. இதில் எட்டு சென்டிமீட்டர் துண்டு அறுத்து, நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கை ஹாக்சா பிளேடால் பட்டையாகக் கழித்துவிட்டால் வாய் திறந்த ஒரு குழல் கிடைக்கும். டார்ச்சை அதன் வாயில் வைத்து அழுத்தினால் குழல் விரிந்து கொடுத்து, பிறகு சுருங்கப் பார்த்துக்கொண்டே டார்ச்சைக் கவ்வும். அந்தச் சுருங்கும் ஆசைதான் நமக்குப் பிடிப்பு. இறுக்குவதற்குத் திருகும் இல்லை, அவிழ்ப்பதற்கு முடிச்சும் இல்லை. கட்டைவிரலால் ஒரு நெம்பு, டார்ச் கையில்.

முதல் துண்டு வெடித்துவிட்டது. பைப் புதிதாக விறைப்பாக இருந்தது. நானும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகக் கழித்துவிட்டு அவசரமாக அழுத்தினேன். வாய் குறுகலாக இருந்தது. இரண்டாவது துண்டில் சரியாக மூன்றில் ஒரு பங்கு எடுத்தேன். பிறகு கொதிக்கும் வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு, இடுக்கியால் எடுத்து, துணி சுற்றிய டார்ச்சின் மேல் மாட்டி, அப்படியே ஆறவிட்டேன். பிவிசி ஏறக்குறைய 80 டிகிரியில் இளகிவிடும்; ஆறியதும் டார்ச்சின் வடிவத்தையே தனதாக்கிக்கொண்டு விறைத்துவிடும். (டார்ச்சிலிருந்து செல்லைக் கழற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். அதே குறுக்களவுள்ள மரக்கட்டை இருந்தால் இன்னும் நல்லது.) துணியை எடுத்துவிட்டு மாட்டினால் சற்று தளர்வாக இருக்குமே என்று கேட்கலாம். அந்த இடைவெளிக்குத்தான் உள்ளே ஒரு வரி சைக்கிள் ட்யூபை ஒட்டினேன். இப்போது அது வழுக்கவும் இல்லை, டார்ச்சைக் கீறவும் இல்லை. அறுத்த விளிம்புகளை உப்புத்தாளில் தேய்த்து உருட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இருட்டில் கட்டைவிரல் பதம்பார்க்கப்படும்.

இந்தக் குழலை டிரைபாடின் மேல் நிறுத்த வேண்டும். குழலின் அடியில் நேராக நட்டு வைத்தால் டார்ச் நட்டின் தலையில் உட்காரும்; ஒற்றைத் திருகு என்பதால் காற்றாடி மாதிரி சுற்றவும் செய்யும். அதனால் நடுவில் ஒரு மரத்துண்டு. உடைந்த கட்டிலின் சட்டத்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் நீளம், மூன்று அகலம், ஒன்றரை கனத்தில் அறுத்தேன். அதன் நடுவே ஆறரை மி.மீ. துளை. இங்கேதான் அந்த 5 மி.மீ. நம்மைப் படுத்தும். திருகு அடியிலிருந்து ஐந்து மி.மீ. மட்டுமே மேலே வரும். மரமோ பதினைந்து மி.மீ. ஆகவே மேல்பக்கத்திலிருந்து உளியால் குழி தோண்டி, அடியில் இரண்டு மி.மீ. மரத்தை மட்டும் விட்டு, அதன் மேல் நட்டை உட்கார வைக்க வேண்டும். குழியை நட்டைவிட ஒரு மயிரிழை சிறிதாக வைத்துச் சுத்தியால் தட்டி இறக்கினால் நட்டின் ஆறு மூலைகளும் மரத்தில் கடித்துக்கொள்ளும். பிறகு அது சுற்றாது. திருகு மூன்று மி.மீ. நட்டுக்குள் ஏறுகிறது. இதற்கு அது போதும்.

நட்டை அடிப்பக்கத்திலிருந்து குழித்து எம்-சீல் போட்டு ஒட்டினால் வேலை எளிதுதானே என்று முதலில் நினைத்தேன். செய்தும் பார்த்தேன். திருகை இறுக்க இறுக்க அது நட்டைக் கீழே இழுக்கிறது. இழுப்பு முழுவதும் பசையின் மேல் விழுகிறது. ஒரு வாரத்தில் நட்டு எம்-சீலோடு சேர்ந்து பல் பிடுங்கியதுபோல் வந்துவிட்டது. மேலிருந்து வைத்த நட்டு எவ்வளவு இழுத்தாலும் மரத்தின் மேலேயே அழுந்துகிறது. பிறகு பைப் குழலை மரத்தின் மேல் வைத்து, உள்ளிருந்து முன்னும் பின்னுமாக இரண்டு சின்ன மரத் திருகுகள். தலைகள் பைப்புக்குள் பதியும்படி இறக்கிவிட்டேன். ட்யூப் பட்டை அவற்றை மூடிக்கொண்டது. நட்டின் குழிக்குப் பைப்பே மூடியாகிவிட்டது. இரண்டு திருகு இருப்பதால் குழல் மரத்தின் மேல் சுற்றுவதற்கு வழியே இல்லை.

மாட்டும்போது டார்ச்சை விரலின் மேல் வைத்து எடை சமமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடம் மரத்துண்டின் நடுவில் வரும்படி அழுத்துங்கள். பித்தளை டார்ச்சுக்குக்கூட இது ஒன்றே தொங்கலைப் பாதி தீர்த்துவிடும். சாக்பீஸ் சோதனையில் சின்ன டார்ச் ஒரு மணி நேரம் மட்டுமல்ல, இரவு முழுவதும் புள்ளியிலேயே நின்றது. பைப்பும் நட்டும் சேர்த்து நாற்பது ரூபாய்க்குள் முடிந்தது, மரம் கட்டிலுடையது.

வேலை தெரிந்தவர்கள் கேட்கக்கூடிய மாற்று ஒன்று உண்டு. பைப் இல்லாமல், மரத்திலேயே சாய்வான இரு பக்கங்கள் அடியில் ஒரு முனையில் கூடும்படி ஒரு பள்ளம் அறுத்து, டார்ச்சை அதில் கிடத்தி, மேலே ட்யூப் பட்டையை இழுத்து இரண்டு ஆணிகளில் மாட்டிவிடலாம். சாய்ந்த பள்ளம் உருளையை இரண்டு கோடுகளில் தாங்குகிறது. கைப்பிடியில் கட்டியபோது பட்ட உருளும் வியாதி இதில் இல்லை. பென் டார்ச் முதல் பித்தளை டார்ச் வரை எல்லாம் ஒரே பள்ளத்தில் உட்காரும். பலவித டார்ச்சுகளை மாற்றி மாற்றி வைப்பவர்களுக்குப் பைப்பைவிட இதுவே மேல் என்பேன். எடுக்க ரப்பரை ஆணியிலிருந்து விலக்க வேண்டும். ஒரு கையால் முடிகிறது, ஒரு நெம்பில் முடிவதில்லை. எனக்கு அந்த ஒரு நெம்பு முக்கியம்.

டிரைபாடே விழுந்தால் மேலே சொன்ன எதுவும் பயனில்லை. மலிவான டிரைபாட் இறகு மாதிரி இருக்கும். நடுத்தண்டின் அடியில் கொக்கி இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். ஒரு கிலோ எடை கீழே இறங்கிவிடும். வலக்கைக்காரர்கள் இடத்தோளுக்குப் பின்னால், தோளைவிடச் சற்று உயரத்தில் நிறுத்தினால் கையின் நிழல் வேலையின் மேல் விழாது. இன்னொன்று: பம்புசெட்டின் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஓடுவது 415 வோல்ட் மும்முனை மின்சாரம். அலுமினியக் கால்களை அதன் பக்கத்தில் விரிக்காதீர்கள். பெட்டியைத் திறக்கிற வேலை என்றால் மெயினை இறக்கிவிட்டுத்தான் டிரைபாடே உள்ளே வர வேண்டும்.

போன வாரம் மறுபடியும் கிளாண்டில் தண்ணீர். டிரைபாடை நிறுத்தினேன், பாட்டிலைத் தொங்கவிட்டேன், டார்ச்சை அழுத்தினேன். வெளிச்சம் கிளாண்டின் மேல் விழுந்து அங்கேயே கிடந்தது. கயிறு மாற்றி முடிக்க முன்பு ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. பித்தளை டார்ச்சுக்கு ஒன்றேகால் இஞ்ச் பைப் பார்த்து வைத்திருக்கிறேன். வெளியளவு 40, உள்ளே 36 மி.மீ. அக்கா மகன் அன்றும் வந்திருந்தான். வாசற்படியில் உட்கார்ந்து தவளையைத் தேடிக்கொண்டிருந்தான், நடுவில் ஒருமுறை எழுந்து வந்து, “மாமா, டார்ச்சை ஒரு நிமிடம் தருகிறீர்களா?” என்று கேட்டான். தரவில்லை.